குதிகாலில் அம்மாவின் கை

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. இரவில் தூங்கும் முன் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். தெரிந்த கதைகள் எல்லாம் தீர்ந்துபோனதால், இரண்டு மாதமாக உலகப் புராணங்களில் வரும் வீரர்களின் கதைகளைப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் அக்கிலீஸின் முறை. அவன் பிறந்ததும் தாய் தீட்டிஸ் அவனைப் பாதாளத்தில் ஓடும் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கி எடுத்தாள், தண்ணீர் பட்ட இடத்தில் எந்த ஆயுதமும் இறங்காது, அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையாமல் போனது, கடைசியில் அம்பு பாய்ந்தது அந்த இடத்தில்தான் என்று சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் படுத்திருந்தாள். அப்புறம், “ஏம்மா, இன்னொரு காலைப் பிடிச்சுக்கிட்டு மறுபடியும் ஒரு தடவை முக்கியிருக்கலாமே?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. “மறந்திருப்பாங்க” என்றேன். “ஒரு அம்மா அதைப் போய் மறப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எதைப் படித்தாலும் இதுவே கண்ணில் படுகிறது. சீக்ஃப்ரீடின் முதுகில் ஒட்டிய இலை, துரியோதனனின் தொடை, பால்டரைக் கொன்ற புல்லுருவி. “வீரன் சாகாவிட்டால் கதையை எப்படி முடிப்பது, அதற்காக ஒரு ஓட்டை வைக்கிறார்கள், அவ்வளவுதான்” என்கிறார் என் கணவர். அது உண்மையா? அல்லது ஒரே கதைதான் நாடு நாடாகப் போய் உருமாறியிருக்கிறதா? முடிந்தால் எழுதுங்கள். மகளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி என்னை நிறுத்திவிட்டது. ஒரு அம்மா அதை மறப்பாளா? மறக்க மாட்டாள். இந்தக் கதைகளைச் சொன்னவர்களுக்கும் அது நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம்.

ஆற்றில் முக்கிய கதை ஹோமரில் இல்லை. இலியட் கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருவான காவியம். அதில் வரும் அக்கிலீஸ் யாரையும் போல வெட்டுப்பட்டால் ரத்தம் சிந்துகிறவன். 21ஆம் காண்டத்தில் அஸ்டெரோபையோஸ் என்று ஒரு வீரன் வருகிறான், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் ஈட்டி எறியக்கூடியவன். ஒரு ஈட்டி கேடயத்தில் பட்டு நின்றுவிடுகிறது. மற்றது அக்கிலீஸின் வலது கையை உரசிச் செல்ல, கருத்த ரத்தம் பீறிடுகிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நண்பன் பாட்ரோக்ளஸ் அக்கிலீஸின் கவசத்தை அணிந்துகொண்டு போய்ச் சாகிறான், கவசம் பகைவன் கையில் சிக்குகிறது. உடனே தீட்டிஸ் ஓடிப்போய்த் தேவர்களின் கொல்லனான ஹெஃபைஸ்டோஸிடம் மகனுக்குப் புதுக் கவசம் செய்து வாங்குகிறாள். ஆயுதம் இறங்காத உடம்புக்குக் கவசம் எதற்கு?

நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கிய செய்தி முதலில் வருவது ஸ்டாட்டியஸ் என்ற ரோமானியக் கவிஞரிடம். கிறிஸ்துவுக்குப் பின் 1ஆம் நூற்றாண்டின் கடைசியில், அக்கிலீஸின் முழு வாழ்க்கையையும் பாட நினைத்து அவர் ஒரு காவியத்தைத் தொடங்கினார். இரண்டாம் காண்டத்தின் தொடக்கத்திலேயே அது நின்றுபோனது, அவர் இறந்துவிட்டார். ஹோமருக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய 800 ஆண்டுகள். இன்று அக்கிலீஸ் என்றாலே குதிகால்தான் நினைவுக்கு வருகிறது. கெண்டைக்காலைக் குதிகாலோடு சேர்க்கும் தசைநாருக்கு ஃபிலிப் வெர்ஹேயன் என்ற உடற்கூறியல் அறிஞர் 1693இல் அவன் பெயரை வைத்துவிட்டார். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ‘பலவீனமான இடம்’ என்பதற்கு ஒரு குறியீடாக அந்தச் சொல் தேய்ந்துபோய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கை இருந்தது என்பதை யாரும் நினைப்பதில்லை.

ஆற்றுக்கு முன்னால் வேறொரு கதை இருந்தது. அதில் தண்ணீருக்குப் பதில் நெருப்பு. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் அப்பலோனியஸ் எழுதிய காவியத்தில் அது வருகிறது. தீட்டிஸ் கடல் தேவதை, சாவில்லாதவள். கணவன் பெலியஸ் சாகப் பிறந்த மனிதன். பிள்ளை தகப்பனைப் போல ஆகிவிடக் கூடாது என்று அவள் தவிக்கிறாள். பகலில் அவன் உடம்பில் அமுதத்தைத் தடவுகிறாள். இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு அவனை நெருப்பில் வைத்து, அவனுக்குள் இருக்கும் மனிதப் பங்கை எரிக்கிறாள். ஒரு நள்ளிரவில் பெலியஸ் விழித்துப் பார்த்தால், மகன் தீயில் துடிக்கிறான். அலறிக்கொண்டு படுக்கையிலிருந்து குதிக்கிறான். அந்தச் சத்தம் கேட்டதும் தீட்டிஸ் குழந்தையைத் தரையில் எறிந்துவிட்டு, காற்றைப் போல, கனவைப் போல வெளியேறிக் கடலுக்குள் போய்விடுகிறாள். அப்புறம் அந்த வீட்டுக்கு அவள் திரும்பவே இல்லை.

இதே காட்சி டெமீட்டர் தேவியைப் பாடும் பழைய கிரேக்கத் துதிப்பாடலிலும் இருக்கிறது. மகளைப் பறிகொடுத்த துயரத்தில் அலையும் டெமீட்டர், கிழவி வேடத்தில் எலியூசிஸ் ஊருக்கு வந்து, அரசனின் கைக்குழந்தை டெமோஃபோனுக்குச் செவிலியாகிறாள். அங்கேயும் பகலில் அமுதம், இரவில் நெருப்பு. குழந்தையின் தாய் மெட்டனெய்ரா ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு, தொடையில் அடித்துக்கொண்டு அலறுகிறாள். தேவி குழந்தையைத் தீயிலிருந்து எடுத்துத் தரையில் போடுகிறாள். இவனைச் சாவும் மூப்பும் இல்லாதவனாக ஆக்கியிருப்பேன், இனி சாவிலிருந்து இவனால் தப்ப முடியாது என்று கோபத்தோடு சொல்லிவிடுகிறாள். எகிப்திய தேவி ஐசிஸ், கொல்லப்பட்ட கணவன் ஒசிரிஸின் உடலைத் தேடிப் பிப்ளோஸ் நகரத்துக்குப் போனபோது நடந்ததாகப் புளூட்டார்க் எழுதுவதும் இதேதான். அரண்மனைக் குழந்தை, இரவு நெருப்பு, அரசியின் அலறல்.

மூன்று கதைகளிலும் சாவாமையைக் கெடுப்பது ஒரு குரல். பெற்றவர்களின் குரல். சத்தம் போடாமல் நின்றிருந்தால் பிள்ளைக்குச் சாவே இருந்திருக்காது. சரி, எரியும் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் நிற்கிற ஒருத்தி, அவனுக்குத் தாயாக இருப்பாளா? இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாய் மீதும் தகப்பன் மீதும் கோபம் வந்ததே இல்லை. கதை சொன்னவர்களுக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன். தெய்வம்தான் கோபித்துக்கொள்கிறது, கதை கோபித்துக்கொள்வதில்லை.

இப்போது ஆற்றுக்குத் திரும்பிப் பாருங்கள். நெருப்புக் கதையில் தகப்பனின் அலறல் இருந்த இடத்தில், ஆற்றுக் கதையில் தாயின் பிடி வந்து உட்கார்ந்திருக்கிறது. பாதாள ஆறு ஓடுகிறது, கையில் பச்சைக் குழந்தை. விட்டால் போய்விடும். விடாமல் பிடித்த இடம் நனையவில்லை. பிள்ளையின் உடம்பில் சாவு நுழைய மிச்சமிருந்தது அம்மா தொட்டுக்கொண்டிருந்த இடம்தான். நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வதையும் பார்த்துவிடலாம். கதை முடிய வீரன் சாக வேண்டும், ஆகவே ஒரு ஓட்டை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாவதற்கு ஓட்டை தேவையே இல்லை. பாரசீகக் காவிய வீரன் ருஸ்தம் எத்தனையோ போரில் பிழைத்தவன், மாற்றாந்தாய் மகன் தோண்டி வைத்த குழியில், நட்டு வைத்த ஈட்டிகள் மேல் விழுந்து சாகிறான். பழைய ஆங்கிலக் காவியத்தின் பெயோவுல்ஃப் கிழவனான பிறகு பறவைநாகத்தோடு சண்டையிட்டு அதன் கடியில் சாகிறான். மெசபடோமியாவின் கில்காமெஷ் மூன்றில் இரண்டு பங்கு தெய்வம். அவன் உடம்பில் தனியாக ஓர் இடம் விடுபட்டதாகக் கதை எதுவும் சொல்வதில்லை. நண்பன் என்கிடுவின் சடலத்தை எடுக்க விடாமல், அதன் மூக்கிலிருந்து ஒரு புழு விழும்வரை ஆறு பகல் ஏழு இரவு பக்கத்திலேயே இருந்து அழுகிறான். தனக்கும் இதுதான் என்று அவனுக்கு அப்போது உறைக்கிறது. அதற்கு ஒரு அம்போ குதிகாலோ வேண்டியிருக்கவில்லை. ஆக, ஒரு கதை வேலைமெனக்கெட்டு ஒரு இடத்தை மட்டும் மிச்சம் வைக்கிறது என்றால், அந்த இடத்தில் அதற்குச் சொல்ல ஏதோ இருக்கிறது.

சீக்ஃப்ரீடைப் பாருங்கள். கி.பி. 1200ஐ ஒட்டி எழுதப்பட்ட ஜெர்மானிய நிபெலுங்கர் காவியத்தில், அவன் பறவைநாகத்தைக் கொன்று அதன் ரத்தத்தில் குளித்ததைச் சில வரிகளில், அதுவும் இன்னொருவன் வாய்வழியாகச் சொல்லிக் கவிஞர் கடந்துவிடுகிறார். பிற்காலத்தில் ஓவியர்கள் எத்தனையோ முறை வரைந்த காட்சி அது. காவியம் அதில் நிற்பதே இல்லை. அது நின்று நிதானமாகச் சொல்வது அவன் மனைவி கிரீம்ஹில்ட் ஏமாந்த கதையை. போர் வரப்போகிறது என்று ஒரு பொய்யைக் கிளப்பிவிட்டு, சீக்ஃப்ரீடைக் கொல்லத் திட்டமிட்ட ஹாகன் அவளிடம் போகிறான். உன் கணவனை நான் பக்கத்தில் இருந்து காப்பாற்ற வேண்டாமா, எந்த இடத்தைக் காப்பது என்று கேட்கிறான். ஹாகன் அவளுக்கு உறவுக்காரன். நம்பிச் சொல்லிவிடுகிறாள்: ரத்தத்தில் குளித்தபோது தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு லிண்டன் இலை விழுந்து ஒட்டிக்கொண்டது, அந்த இடம் மட்டும் நனையவில்லை. அதோடு விடவில்லை. அந்த இடம் ஹாகனுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்று, கணவனின் உடையில் பட்டு நூலால் ஒரு சின்னச் சிலுவையைத் தன் கையாலேயே தைத்து வைக்கிறாள்.

பிறகு போர் இல்லை, வேட்டைக்குப் போகிறோம் என்று பேச்சு மாறுகிறது. கிரீம்ஹில்டுக்கு அப்போது பயம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு காட்டுப்பன்றிகள் அவனைத் துரத்துவதாகவும், இரண்டு மலைகள் அவன் மேல் சரிவதாகவும் கனவு கண்டேன், போகாதே என்று அழுகிறாள். ஹாகனிடம் என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவளால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். காட்டில் ஒரு ஊற்றில் அவன் குனிந்து தண்ணீர் குடிக்கும்போது, அந்தச் சிலுவையைக் குறிபார்த்து ஈட்டி பாய்கிறது. இலை விழுந்தது தற்செயல். தையல் தற்செயல் இல்லை. அவளுக்கு அவன் மேல் இருந்த அன்பும் பயமும் சேர்ந்து இழைத்த தையல் அது.

வட ஐரோப்பியப் புராணத்தின் தேவன் பால்டரின் கதையிலும் ஒரு தாய். ஐஸ்லாந்தின் ஸ்னோரி 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிவைத்தது. மகனுக்குக் கெட்ட கனவுகள் வருகின்றன என்று ஃபிரிக் கிளம்பிப்போய், நெருப்பு, தண்ணீர், இரும்பு, கல், மரம், நோய், விலங்கு, பாம்பு என்று ஒவ்வொன்றிடமும், என் மகனுக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறாள். எவ்வளவு அலைந்திருப்பாள்! எல்லாம் முடிந்த பிறகு தேவர்கள் அவனை நடுவில் நிற்க வைத்துக் கல்லையும் ஆயுதத்தையும் எறிந்து விளையாடுகிறார்கள். சூழ்ச்சிக்காரனான லோக்கி ஒரு பெண் வேடத்தில் வந்து, எல்லாமே சத்தியம் செய்துவிட்டதா என்று கேட்கிறான். தேவர்களின் மாளிகையான வால்ஹாலாவுக்கு மேற்கே ஒரு புல்லுருவி முளைத்திருக்கிறது, சத்தியம் கேட்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தது, விட்டுவிட்டேன் என்கிறாள். அவள் அதை மறக்கவில்லை, பார்த்திருக்கிறாள். பச்சைப்பிள்ளை போல இருந்த ஒன்றிடம் போய்ச் சத்தியம் கேட்க ஒரு தாய்க்கு மனம் வரவில்லை. லோக்கி அதைப் பறித்துவந்து, விளையாட்டில் சேராமல் ஓரமாக நின்றிருந்த பார்வையற்ற சகோதரன் ஹோத் கையில் கொடுத்து, திசையும் காட்டுகிறான். உங்கள் மகள் கேட்டதற்கு மிக அருகில் இருக்கும் கதை இதுதான். அவளுக்கு இதைச் சொல்லும்போது ஃபிரிக் சொல்லும் அந்தப் பதிலில் கொஞ்சம் நிறுத்துங்கள்.

துரியோதனன் கதையை நீங்கள் எந்த வடிவில் சொன்னீர்களோ தெரியாது. காந்தாரி கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தாள், அவன் கூச்சப்பட்டு இடுப்பை மறைத்திருந்தான், பார்வை படாத தொடை மட்டும் இறுகவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அது வியாச பாரதத்தில் இல்லாத கதை. வியாசரில் இருப்பது இன்னும் விசித்திரமானது. வனபர்வத்தில், கந்தர்வர்களிடம் பிடிபட்டுப் பாண்டவர்களாலேயே விடுவிக்கப்பட்ட அவமானத்தில் அவன் உண்ணாமல் உயிர்விட உட்காருகிறான். தானவர்கள் அவனைப் பாதாளத்துக்கு வரவழைத்துத் தேற்றுகிறார்கள். உன் இடுப்புக்கு மேலே உள்ள உடம்பைச் சிவன் வஜ்ரத்தால் ஆக்கினான், இடுப்புக்குக் கீழே தேவி பூக்களால் ஆக்கினாள் என்கிறார்கள். புகழ்ச்சியாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பூவாலான தொடையைத்தான் அவன் சபை நடுவே பாஞ்சாலிக்குத் திறந்து காட்டினான், பீமனின் கதாயுதம் இறங்கியதும் அங்கேதான். தேவி எதற்கு அவனைப் பூவால் செய்தாளோ, அதை அவன் அவமானப்படுத்தியிருக்கிறான். காந்தாரி கதையைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

இஸ்ஃபாந்தியாரைப் பற்றி நீங்கள் குறிப்பிடவில்லை, இன்னும் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவசியம் படியுங்கள். ஃபிர்தௌசி 1010இல் முடித்த பாரசீகக் காவியமான ஷாநாமாவின் உச்சம் என்று நான் நினைப்பது இவனுடைய சாவைத்தான். ஈரானின் இளவரசன். உடம்பில் ஆயுதம் இறங்காது, கண்களைத் தவிர. புனித நீரில் மூழ்கியபோது கண்ணை மூடிக்கொண்டான், அதனால் கண்ணுக்குள் நீர் போகவில்லை என்று நாட்டார் வழக்கில் ஒரு காரணம் சொல்வார்கள். அரியணையைத் தருவதாகத் தகப்பன் குஷ்தாஸ்ப் திரும்பத் திரும்ப வாக்களிக்கிறான், தருவதில்லை. கடைசியில், கிழவன் ருஸ்தமின் கையில் விலங்கு மாட்டிக் கொண்டுவா, தருகிறேன் என்கிறான். ருஸ்தம் கையால்தான் மகனுக்குச் சாவு என்று சோதிடன் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அனுப்புகிறான்! தகப்பன் சொல்வது முறையில்லை என்று இஸ்ஃபாந்தியாருக்குத் தெரிகிறது, முகத்துக்கு நேரே சொல்லவும் செய்கிறான். தாய் தடுக்கிறாள். ஆனாலும் அரசன் சொல்லை மீற முடியாது என்று கிளம்பிவிடுகிறான்.

முதல் நாள் சண்டையில் ருஸ்தமும் அவன் குதிரையும் உடம்பெல்லாம் அம்பு தைத்துக் குற்றுயிராகத் திரும்புகிறார்கள். ருஸ்தமின் தகப்பன் ஜால், தன்னைக் குஞ்சுபோல வளர்த்த சீமுர்க் என்ற பெரும்பறவையின் இறகை எரித்து அதை வரவழைக்கிறான். பறவை காயங்களை ஆற்றுகிறது. கஸ் மரத்தின் கிளையில் அம்பு செய்து கண்ணைக் குறிவை என்று வழி சொல்கிறது. கூடவே எச்சரிக்கிறது: அவன் ரத்தத்தைச் சிந்துகிறவனுக்கு இந்த வாழ்விலும் நிம்மதி இல்லை, செத்த பிறகும் இல்லை. மறுநாள் ருஸ்தம் கெஞ்சுகிறான். உன்னோடு அரசனிடம் வருகிறேன், என்ன வேண்டுமானாலும் தருகிறேன், விலங்கு மட்டும் வேண்டாம். அவன் கேட்கவில்லை. அம்பு போகிறது. சாகும்போது இஸ்ஃபாந்தியார், என்னைக் கொன்றது நீயோ இந்தப் பறவையோ அம்போ வில்லோ இல்லை, என் தகப்பன் என்று சொல்லி, தன் மகன் பஹ்மனை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பைக் கொன்றவன் கையிலேயே கொடுக்கிறான். கண்ணை மூடிக்கொண்ட அந்த நாட்டார் கதையை யார் முதலில் சொன்னார்களோ, அவருக்கு இந்த மனிதனை நன்றாகப் புரிந்திருக்கிறது. தகப்பன் விஷயத்தில் அவன் பார்த்தும் பார்க்காமல் இருந்தவன்.

மேற்கு ஆப்பிரிக்காவின் சுந்தியாட்டா காவியத்தை ஒரு வரியாவது சொல்லிவிட வேண்டும். சூனியம் அறிந்த அரசன் சுமாவோரோவை எந்த இரும்பும் தொடாது, வெள்ளைச் சேவலின் கால்முள்ளைத் தவிர. அந்த ரகசியத்தை அவனிடமிருந்தே கறந்துவந்து சுந்தியாட்டாவிடம் சொல்பவள், அவனுக்கு மனைவியாகத் தரப்பட்ட சுந்தியாட்டாவின் சகோதரி.

எல்லாம் ஒரே கதை பரவியதா என்று கேட்டிருந்தீர்கள். சில பரவியிருக்கும். ஐசிஸும் டெமீட்டரும் ஒரே தெய்வம் என்று ஹெரோடோட்டஸ் காலத்திலேயே கிரேக்கர்கள் சொல்லிவந்தார்கள். அப்படிப் பார்க்கும்போது ஒருத்தியின் கதை இன்னொருத்தியிடம் போய்ச் சேர்வது இயல்பு. ஆனால் நியூசிலாந்தின் மாவோரிகள் சொல்லும் மாவியின் கதையை எப்படி விளக்குவது? சூரியனையே கயிறு போட்டுப் பிடித்தவன் மாவி. அவனுக்குப் பெயரிடும் சடங்கில் தகப்பன் அவசரத்தில் மந்திரத்தின் ஒரு பகுதியை விட்டுவிட்டான். விட்டதும் அவனுக்கே தெரிந்துவிட்டது, மகன் இதனால் சாவான் என்று. பிறகு மாவி, சாவின் தேவி ஹினே-நுய்-தே-போ தூங்கும்போது அவள் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறிச் சாவையே ஒழிக்கப் பார்க்கிறான். கூட வந்த சின்னக் குருவி ஒன்று சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிட, தேவி விழித்துக்கொள்கிறாள். அவன் அங்கேயே நசுங்கிச் சாகிறான். கிரேக்கர்கள் காணாத கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் இந்தக் கதையைச் சொன்னவர்கள். அங்கேயும் ஒரு தகப்பன், அங்கேயும் ஒரு சின்ன விடுபடல். கதை பயணம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளையை எல்லாவற்றிலிருந்தும் காத்துவிட வேண்டும் என்ற தவிப்பும், அது நடக்காது என்ற அறிவும் எந்தக் கரையிலும் தானாகவே முளைக்கும்.

எல்லாக் கதையும் இதற்குள் அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். ராவணனின் வரத்தில் விடுபட்டது மனிதர்கள். தேவர், அசுரர், யட்சர் என்று கேட்டவன், மனிதர்கள் எனக்குப் புல்லுக்குச் சமம் என்று விட்டுவிட்டான். அது அன்பு விட்ட இடைவெளி இல்லை, அலட்சியம் விட்டது. கர்ணன் விஷயமோ நேர் எதிர். அவனுக்கு இடைவெளியே கிடையாது, கவசமும் குண்டலமும் உடம்போடு பிறந்தவை. அவனே அறுத்துக் கொடுத்தான். வனபர்வத்தில் அந்தப் பகுதியை வாசித்துப் பாருங்கள். இந்திரன் பிராமண வேடத்தில் வருவான், கொடுத்துவிடாதே என்று சூரியன் முன்கூட்டியே கனவில் வந்து கெஞ்சுகிறான். நீ அறியாத தேவ ரகசியம் ஒன்று இருக்கிறது, காலம் வரும்போது தெரிந்துகொள்வாய் என்கிறான். நான் உன் தகப்பன் என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமலே போகிறான். கர்ணன் இந்திரனிடம், அறுத்த பிறகு என் உடம்பு பார்க்கக் கோரமாக ஆகிவிடக் கூடாது என்று கேட்டு வாங்கிக்கொள்கிறான். எனக்குத் தாங்க முடியாமல் இருப்பது அந்த இடம்தான்.

குதிகால் தெரியாத ஹோமரிடமே முடிக்கிறேன். அக்கிலீஸின் சாவை இலியட் சொல்வதில்லை. அது 24ஆம் காண்டத்தில் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன் ஒரு இரவு. அக்கிலீஸ் கொன்ற தன் மகன் ஹெக்டரின் சடலத்தைக் கேட்டு, டிராயின் அரசனான கிழவன் பிரியம் தன்னந்தனியாக எதிரியின் கூடாரத்துக்குள் வருகிறான். அக்கிலீஸின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளில் முத்தமிடுகிறான். உன் தகப்பனை நினைத்துப் பார், அவரும் என்னைப் போலக் கிழவர் என்கிறான். அவ்வளவு நாளாக யார் சொல்லியும் இளகாதவன் அழுகிறான். முதலில் தகப்பனை நினைத்து, பிறகு நண்பனை நினைத்து. பக்கத்தில் அந்தக் கிழவன் ஹெக்டரை நினைத்து அழுகிறான். கூடாரம் முழுக்க அந்த அழுகை. அன்று தீயைக் கண்டு அலறிய அதே பெலியஸ்தான் அந்தத் தகப்பன்.

இனி உங்கள் மகளுக்கான பதில். அது ஸ்டாட்டியஸிடமே இருக்கிறது. டிராய் போர் தொடங்கப் போகிறது என்று தெரிந்ததும், பாதி மனிதனும் பாதி குதிரையுமான ஆசான் கைரோனின் குகையில் வளரும் மகனைத் தேடித் தீட்டிஸ் வருகிறாள். அவனை அங்கிருந்து கொண்டுபோய் ஒளித்துவைக்கப் பார்க்கிறாள். கைரோனிடம், தனக்கு வரும் பயங்கரமான கனவுகளைச் சொல்கிறாள். அதில் ஒன்று: மகனைத் தூக்கிக்கொண்டு பாதாளத்துக்குப் போகிறேன், ஸ்டிக்ஸ் ஊற்றில் மறுபடியும் முக்குகிறேன். மறுபடியும் என்றுதான் கவிஞர் எழுதியிருக்கிறார். அடிக்கடி வரும் கனவு என்றும் சொல்ல வைக்கிறார். ஆகவே தயங்காமல் சொல்லுங்கள், அந்த அம்மா மறக்கவில்லை. உங்கள் மகள் கேட்டதையே அவள் தூக்கத்தில் செய்துகொண்டிருந்தாள் என்று.

அப்புறம் அந்த இரவையும் சொல்லுங்கள். அம்மா வந்திருக்கிறாள், ஆனாலும் சிறுவன் பழக்கத்தில் கைரோனின் தோளைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். தீட்டிஸ் தூங்காமல் இருக்கிறாள். பிறகு அவனை எழுப்பாமல் தூக்கி எடுத்து, இரண்டு டால்ஃபின்கள் இழுக்க, கடல் வழியாக ஸ்கைரோஸ் தீவுக்குக் கொண்டுபோகிறாள். விடிந்தபோது அவன் கண் திறந்து, இது எந்த இடம், மலை எங்கே, கைரோன் எங்கே என்று திகைக்கிறான். அங்கிருந்து கதை வெகுதூரம் போகிறது. ஒரு வாரத்துக்கு வரும்.

அன்புடன்.